குறை நோயாளியின் கையில் இல்லை

ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் அழுத்தக்குப்பி இன்ஹேலரை எழுதித் தருகிற மருத்துவர்களிடமும், அதை எடுத்துக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரர்களிடமும், வாங்கிச் செல்கிற குடும்பங்களிடமும் ஒரே கருத்து ஊறிப்போயிருக்கிறது. இன்ஹேலரின் வாயில் பொருத்தப்படும் ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூடு, குழந்தைகளுக்கும், கை நடுங்கும் முதியவர்களுக்கும், எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் 'அடிக்கத் தெரியாத' சிலருக்கும் உரியது. ஒழுங்காக அடிக்கத் தெரிந்த வளர்ந்தவருக்கு அது வேண்டாத சுமை. இளைப்பு முற்றிவிட்டாலோ அதனால் பயனில்லை, நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும் என்பது அந்தக் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த மூன்று கூற்றுகளும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன: இன்ஹேலர் தன்னளவில் முழுமையான கருவி, மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் குறை அதைப் பிடித்திருக்கும் கையில்தான் இருக்கிறது என்பதே அது. இந்த அனுமானம் தவறானது என்பதற்குக் கருவியின் அமைப்பே முதல் சான்று.

அளவிட்ட வேளையை ஒவ்வோர் அழுத்தத்திலும் வெளியேற்றும் அழுத்தக்குப்பி இன்ஹேலர், 1956-இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்திலிருந்து விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மெய்சனின் மகள், ஆஸ்துமா மருந்தைக் கூந்தல் ஸ்ப்ரே போல ஒரு குப்பியில் அடைத்துத் தரக்கூடாதா என்று கேட்டதிலிருந்து அந்த வேலை தொடங்கியது என்பது மருத்துவ வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அளந்து விடும் வால்வும் வாசனைத் திரவியத் தொழிலில் இருந்து வந்ததே. மேனியின் மேலும் கூந்தலின் மேலும் தெளிப்பதற்கென்று வளர்ந்த ஒரு தொழில்நுட்பத்தைத் தொண்டைக்குள் திருப்பியபோது எழுந்த சிக்கல்தான் இன்றுவரை 'டெக்னிக் சரியில்லை' என்ற பெயரில் நோயாளியின் கணக்கில் எழுதப்பட்டு வருகிறது.

குப்பியை அழுத்தும்போது, திரவமாக அடைந்து கிடந்த உந்துவாயுவும் அதில் கலந்த மருந்தும் மிகச் சிறிய துளை வழியாகப் பீறிட்டு வெளிவருகின்றன. அந்தக் கணத்தில் துளிகள் பெரியவை, வேகமும் மிக அதிகம். மூச்சுக்குழாயின் கிளைகளுக்குள் இறங்குவதற்கு ஒரு துகள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய துளி, வாயிலிருந்து கீழ்நோக்கித் திரும்பும் வளைவில் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் நேரே போய்த் தொண்டையின் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. உந்துவாயு ஆவியாகித் துளிகள் சுருங்குவதற்குள் தொண்டை வந்துவிடுவதால், பழைய வகை இன்ஹேலர்களில், எவ்வளவு திறமையாக அடித்தாலும், வெளிவந்த மருந்தில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கே நுரையீரலை எட்டியது. மிகுதியில் பெரும்பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கியது. திறமையான கைக்கே கிடைத்த பலன் இவ்வளவுதான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கருவி நோயாளியிடம் கேட்பதும் சாதாரணமானதன்று. மூச்சை முழுவதும் வெளியே விட்டு, இதழ்களால் வாய்ப்பகுதியை மூடி, உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் குப்பியை அழுத்தி, நான்கைந்து நொடிகளுக்கு மெதுவாக இழுத்து, பின் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். மருத்துவரின் அறையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர் இதைச் செய்து காட்டிவிடலாம். இளைப்பு வந்து நிமிடத்துக்கு முப்பது முறை மூச்சு வாங்குபவருக்கு, உள்ளிழுத்து வெளிவிட்டு முடிக்கும் ஒரு முழுச் சுற்றுக்கே இரண்டு நொடிதான் இருக்கிறது. அவரிடம் ஐந்து நொடி இழுத்துப் பத்து நொடி அடக்கச் சொல்வது, மருந்து மிக அதிகமாகத் தேவைப்படும் வேளையில் மருந்தை மறுப்பதற்குச் சமம். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து பம்ப் அடிப்பவரின் 'டெக்னிக்'கை எந்த மருத்துவரும் பார்த்ததில்லை.

ஸ்பேசர் இந்தச் சிக்கலைப் பயிற்சியால் அல்லாமல் இடத்தாலும் நேரத்தாலும் தீர்க்கிறது. பீறிடும் மருந்து முதலில் கூட்டுக்குள் பரவி வேகம் தணிகிறது. பெரிய துளிகள் தொண்டையில் மோதுவதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சுவரில் மோதித் தங்குகின்றன. உந்துவாயு ஆவியாகி எஞ்சிய துகள்கள் சுருங்குகின்றன. வாய்ப்பக்கத்தில் உள்ள ஒருவழி வால்வு உள்ளிழுக்கும்போது திறந்து, வெளிவிடும்போது மூடிக்கொள்வதால், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் பொருத்தும் கட்டாயம் பெருமளவுக்கு நீங்குகிறது. நீளமாக இழுக்க முடியாதவர் இயல்பான மூச்சிலேயே நான்கைந்து முறை இழுத்து மருந்தைப் பெறலாம். 150 மில்லிலிட்டர் கொள்ளும் சிறிய குழல்களும் 750 மில்லிலிட்டர் கொள்ளும் பெரிய கூடுகளும் உண்டு. எல்லாவற்றிலும் வேலை ஒன்றே: இன்ஹேலர் செய்யாமல் விட்ட பாதி வேலை. உரலைக் கையில் கொடுத்துவிட்டு, உலக்கை குத்தத் தெரியாதவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லும் விற்பனையாளரை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இன்ஹேலர் விஷயத்தில் அதுவே மருத்துவ நடைமுறையாக நிற்கிறது.

இதற்கு வழக்கமான மறுமொழி, நோயாளிக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்தால் போதும், கூடு எதற்கு என்பது. கற்றுக் கொடுப்பதன் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. அது மட்டும் போதும் என்பதற்கு நாற்பது ஆண்டுச் சான்று எதிராக நிற்கிறது. 1975 முதல் 2014 வரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்ஹேலரைப் பயன்படுத்திய விதத்தை ஆராய்ந்தது. சரியாகப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 31 பேர். அழுத்தக்குப்பி வகையில் அழுத்துவதையும் இழுப்பதையும் பொருத்தத் தவறியவர்கள் நூற்றுக்கு 45 பேர். இழுத்தபின் மூச்சை அடக்காதவர்கள் 46 பேர். இந்தக் கணக்கில் மிகவும் கவலை தருவது எண்ணிக்கையன்று, அது அசையாமல் நின்ற விதம்: நாற்பது ஆண்டுகளின் துண்டறிக்கைகளும் செயல்விளக்கங்களும் சுவரொட்டிகளும் அதை முன்னேற்றவில்லை. கற்றுத் தருபவர்களின் நிலை இதைவிட மோசம். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரின் திறனைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த மற்றொரு மீளாய்வில், இன்ஹேலரைத் தாமே சரியாகக் கையாண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் மட்டுமே. கற்பிப்பவரும் கற்பவரும் இரண்டு தலைமுறையாகச் சேர்ந்து தோற்கும் ஒரு தேர்வில், வினாத்தாளைச் சந்தேகிப்பதே அறிவுடைமை.

இனி, சரியாக அடிக்கத் தெரிந்தவருக்கு ஸ்பேசர் வேண்டாம் என்ற கூற்று. இளைப்பை உடனே தணிக்கும் சால்புட்டமாலை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இது ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். பியூடெசனைடு, பெக்லோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் முதலியவை அந்த வகை. அவை தினமும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட வேண்டியவை. திறமையாக அடித்தாலும் தொண்டையில் தங்கும் பங்கு, அங்கே உள்ளூர் எதிர்ப்பைக் குறைத்து வாய்ப் பூஞ்சையாகிய வெண்படலத்தை உண்டாக்கக்கூடும், குரல் கரகரக்கலாம், விழுங்கப்பட்ட பங்கு குடல் வழியாக உடலுக்குள் போகிறது. பியூடெசனைடு, ஃபுளூட்டிகசோன் ஆகியவற்றின் விழுங்கப்பட்ட பங்கில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் வாய்க்கும் தொண்டைக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. கொப்பளித்துத் துப்புவது வாயைக் காக்கும், தொண்டையின் அடிப்பகுதியை எட்டாது. ஸ்பேசர் அந்தப் பங்கையே பெருமளவு குறைத்துவிடுவதால், ஆஸ்துமாவுக்கான உலக முன்முயற்சியான கினாவின் வழிகாட்டுதல், வாய்ப் பக்கவிளைவுகளைக் குறைக்க ஸ்பேசரைப் பரிந்துரைக்கிறது. குரல் கரகரப்பைப் பொறுத்தவரை அதன் பலன் வாய்ப் பூஞ்சையில் தெரிகிற அளவுக்கு உறுதியாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கவிளைவுகளைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. வகுப்பில் நாள் முழுதும் பேசும் ஆசிரியருக்கும், கோவிலில் பாடும் ஓதுவாருக்கும், சந்தையில் கூவி விற்பவருக்கும் தொண்டை புண்ணாவது பிழைப்பைத் தொடும் தொல்லை. அவர்கள் முதலில் செய்வது ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்துவதுதான், அதுவும் மருத்துவரிடம் சொல்லாமல். 'ஸ்டீராய்டு' என்ற சொல்லுக்கே அஞ்சும் ஒரு சமூகத்தில் நாக்கில் தெரியும் வெண்படலம் அந்த அச்சத்துக்குக் கண்கண்ட சான்றாகிவிடுகிறது. பிறகு இளைப்பை உடனே தணிக்கும் நீலநிற பம்ப் மட்டும் கையில் மிஞ்சும். உள்வீக்கம் அடங்காமல் வளரும். 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டில், உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே இந்தியர் என்றாலும் ஆஸ்துமா மரணங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை இந்தியாவில் நேர்ந்தன. இதற்குக் காரணங்கள் பல. ஸ்டீராய்டு இன்ஹேலர் போதிய அளவு பயன்படுத்தப்படாமை அவற்றுள் முதன்மையானது என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. அந்த இன்ஹேலரைத் தாங்கத்தக்கதாக்கும் எளிய கூடு ஒன்றைத் 'தெரியாதவர்களுக்கானது' என்று ஒதுக்குவது இந்தப் பின்னணியில் அலட்சியம் என்றே கொள்ளத்தக்கது.

மூன்றாவது கூற்றான நெபுலைசரின் மேன்மை, தமிழ்நாட்டில் மிக ஆழமாக வேர்விட்டது. வீசிங் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர் கேட்பதே 'புகை வையுங்கள்' என்பதுதான். புகை வைக்காத மருத்துவர் ஏதும் செய்யாதவராகிறார். இயந்திரத்தின் இரைச்சல், முகமூடி, பத்து நிமிட நேரம், கண்ணுக்குத் தெரியும் வெண்மூட்டம் ஆகிய எல்லாம் சேர்ந்து சிகிச்சை நடக்கிறது என்ற நிறைவைத் தருகின்றன. ஆனால் முகமூடியின் ஓரத்தில் கசிந்து, மூச்சு விடும்போது வெளியேறி, அறையில் மிதக்கிற அந்த மூட்டம், நுரையீரலுக்குள் போகாத மருந்து. ஊற்றிய மருந்தில் கணிசமான பங்கு முடிவில் கிண்ணத்தின் சுவரிலும் அடியிலும் தங்கிவிடுகிறது. நெபுலைசரில் 2.5 மில்லிகிராம் சால்புட்டமால் ஊற்றப்படுவதும், ஸ்பேசர் வழியாக ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாத அளவே போதுமாவதும் இதனால்தான்.

இது வெறும் ஊகமன்று. திடீர் இளைப்புக்கு ஸ்பேசரையும் நெபுலைசரையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு 39 சோதனைகளையும், அவற்றில் பங்கேற்ற 1,897 குழந்தைகளையும் 729 வளர்ந்தவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்தோரின் விகிதத்தில் நெபுலைசரால் எந்த மேன்மையும் தெரியவில்லை. குழந்தைகளோ ஸ்பேசரால் சராசரியாக அரைமணி நேரம் முன்னதாகவே அவசரப் பிரிவிலிருந்து வெளியேறினர். அவர்களின் நாடித்துடிப்பும் அதிகம் எகிறவில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தோர் இச்சோதனைகளில் சேர்க்கப்படவில்லை என்பதால், வாய் பேச முடியாமல் நீலம் பாரித்து வருபவருக்கு ஆக்சிஜனோடு நெபுலைசர் வைப்பதைத் தவறென்று யாரும் சொல்லவில்லை. நாள்தோறும் வந்துபோகும் மிதமான இளைப்புக்கு அந்த இயந்திரம் தேவையில்லை என்பதே சோதனைகள் காட்டுவது. கினா சொல்லும் அளவும் தெளிவானது: முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஸ்பேசர் வழியே நான்கு முதல் பத்து அழுத்தம் (பஃப்). 2020-இல் கொரோனா பரவியபோது, நெபுலைசர் மூட்டம் கிருமியைப் பரப்பக்கூடும் என்ற அச்சத்தால் பல நாட்டு மருத்துவமனைகள் ஸ்பேசருக்கு மாறின. அச்சம் விலகியதும் பல இடங்களில் இயந்திரம் திரும்பி வந்தது. வழக்கம் சான்றைவிடக் கெட்டியானது.

ஸ்பேசரை எதிர்ப்போர் கையில் உள்ள வலுவான ஆயுதம் வேறு. பிரிட்டனின் மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டீராய்டு இன்ஹேலரோடு ஸ்பேசரும் எழுதித் தரப்பட்டவர்களையும் தரப்படாதவர்களையும் ஒப்பிட்டபோது, கடும் இளைப்புத் தாக்குதல்களிலும் வாய்ப் பூஞ்சையிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. அந்த ஆய்வு எண்ணியது ஸ்பேசர் எழுதப்பட்ட சீட்டுகளை. வீட்டில் அது அலமாரியில் இருந்ததா வாயில் இருந்ததா என்பது பதிவேட்டில் இல்லை. இன்ஹேலரைச் சரியாக அடிக்கத் தெரியாதவர்களுக்கே மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள் என்ற வழக்கமும் அந்த ஒப்பீட்டைச் சாய்க்கிறது. மிக நுண்ணிய துகளாக வெளிவரும் புதுவகைப் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர்களில் ஸ்பேசரின் கூடுதல் பலன் குறைவு என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் இவற்றிலிருந்து கிடைக்கும் பாடம், கூட்டைப் பெட்டியோடு கையில் திணித்து அனுப்புவது போதாது என்பதுதான். ஏனென்றால் ஸ்பேசருக்கும் கெடும் வழிகள் உண்டு, அவற்றில் சில நல்ல எண்ணத்தால் கெடுபவை.

புதுப் பிளாஸ்டிக் கூட்டின் உட்சுவரில் நிலைமின்னூட்டம் இருக்கும். அது மருந்துத் துகள்களை இழுத்துச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். பாத்திரம் துலக்கும் திரவத்தின் சில சொட்டுகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கூட்டை அதில் முக்கியெடுத்து, துடைக்காமல் நீர் வடியச் சாய்த்து உலரவிட்டால் அந்த மின்னூட்டம் தணிகிறது. ஆனால் எவர்சில்வர் பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்துப் பழகிய வீடுகளில் கூட்டையும் துண்டால் உள்ளும் புறமும் பளபளக்கத் துடைத்துவைக்கிறார்கள்; அந்த உரசலே மின்னூட்டத்தை மறுபடி ஏற்றி, அடுத்த வேளை மருந்தில் ஒரு பங்கைச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறது. நேரம் மிச்சம் என்று நான்கு பஃப்பையும் ஒருசேர அடித்துவிட்டு ஒரே மூச்சில் இழுப்பதும் அப்படியே: துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பருத்து வீழ்கின்றன, ஒவ்வொன்றாக அடித்து உடனே இழுப்பதே முறை. குழந்தை அழுதால் ஆழமாக இழுக்கும் என்று நம்பி, அழவிட்டு முகமூடியை அழுத்திப் பிடிக்கும் பெற்றோர் பலர். அழுகை என்பது நீண்ட வெளிமூச்சு. இடையில் வரும் விம்மலில் மருந்து தொண்டைக்குக் கீழே போவது அரிது. இந்த ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தரலாம். கண நேரத்துக்குள் கையையும் மூச்சையும் பொருத்தும் பயிற்சியைவிட இவை எளியவை, மறந்தாலும் முழு வேளையும் வீணாகிவிடாது.

விலையைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. வீட்டுக்கு நெபுலைசர் வாங்க ஆயிரத்துக்கு மேல் கொடுக்கும் குடும்பம், சில நூறு ரூபாய் ஸ்பேசரைக் கூடுதல் செலவாகக் கருதுவதற்கு, அதைச் சிகிச்சையின் பகுதியாக யாரும் சொல்லாததே காரணம். அதற்கும் வழியில்லாத இடங்களில் என்ன செய்வது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் சாரும் உடன்பணியாற்றியோரும் 1999-இல் லான்செட் இதழில் விடை தந்தனர். அரை லிட்டர் குளிர்பானப் பிளாஸ்டிக் புட்டியின் அடியில் இன்ஹேலரின் வாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்துப் பயன்படுத்தியபோது, திடீர் இளைப்புற்ற குழந்தைகளுக்கு அது கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராகப் பயன்பட்டது. இடைவெளியை அடைக்காத புட்டியும் பாலிஸ்டைரீன் கோப்பையும் அந்த அளவுக்கு எட்டவில்லை. குப்பையில் போகும் புட்டி செய்யும் வேலையை, வசதியுள்ள நகரத்து மருத்துவமனை இயந்திரத்துக்கு மட்டுமே உரியதென்று நம்புவது விந்தைதான்.

மூச்சின் விசையால் பொடியை இழுக்கும் ரோட்டாஹேலர் போன்ற உலர்தூள் கருவிகளுக்கு ஸ்பேசர் பொருந்தாது. அவற்றுக்கு வேகமான, பலமான இழுப்பு வேண்டும், அது வேறு கணக்கு. அழுத்தக்குப்பியைப் பொறுத்தவரை எஞ்சி நிற்கும் ஒரே நேர்மையான எதிர்ப்பு, கூடு பெரியது, பைக்குள் அடங்காது, நாலு பேர் முன்னால் எடுக்க வெட்கம் என்பது. இளைப்பைத் தணிக்கும் பம்ப்புக்கு இந்த எதிர்ப்பு செல்லும். வழியில் அகப்பட்டுக்கொண்டவர் கூடில்லாமல் அடிப்பது அடிக்காமலிருப்பதைவிட எவ்வளவோ மேல். ஸ்டீராய்டு இன்ஹேலரோ காலையிலும் இரவிலும் வீட்டில் எடுக்கப்படுவது. அதன் ஸ்பேசர் வீட்டை விட்டு வெளியே போகவேண்டிய தேவையே இல்லை. குளியலறை அலமாரியில் பல்துலக்கியின் பக்கத்தில் அது இருந்தால் போதும். பல் துலக்குவதற்கு முன் மருந்தை எடுத்துவிட்டால், வாய் கொப்பளிக்கும் வேலையும் அதோடு முடிந்துவிடும்.